துறவிப் படைத் தலைவருக்கு இரவல் கொடுத்த குரல்

என் குரல் இப்போது என்னிடம் இல்லை. கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். அதை மறைக்க வெள்ளைத் துணி கட்டியிருப்பதால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தொண்டை வலியா என்று கேட்டு, மிளகுப் பால் குடிக்கச் சொல்கிறார்கள். பதில் பேச முடியாதவனுக்கு யோசனை சொல்வதில் நம் ஜனங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பிழைத்தேன். வாய் என்னுடையது, முகம்தான் வேறு யாருடையதோ.

டப்பிங் என் தொழில். வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் குரல் கொடுப்பவன். வில்லன்கள், போலீஸ் அதிகாரிகள், தாடி வைத்த சாமியார்கள், ஒரு தடவை பேசும் கரடி. வீடு மந்தைவெளியில், ஸ்டூடியோ வடபழனியில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மாடியில். சுவரில் எவ்வளவு பஞ்சு வைத்து அடைத்தாலும் கெட்டி மேளம் உள்ளே வந்துவிடும். முகூர்த்த நாளில் ராஜாவின் தலையை வெட்ட வேண்டுமானால் கீழே தாலி கட்டி முடிகிற வரை வெட்டுகிறவன் காத்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் குரலைப் பதிவு செய்தவர் ஒரு பாய். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர் பக்கம் இருக்கிறது. வீட்டில் உருது, வெளியில் அசல் மெட்ராஸ். என்னை விட மூத்தவர், ஆனால் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். என் தொண்டையை என்னை விட அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் நான் என்ன சாப்பிட்டேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்.

அந்தப் பாய்தான் ஒரு நாள் புதுத் தொடரின் முதல் பகுதியைத் திரையில் ஓடவிட்டு, வெள்ளை அங்கியில் சிவப்புச் சிலுவை போட்ட குதிரை வீரர்களைக் காட்டிச் சிரித்தார்.

"இன்னா நைனா இது, எங்காளுங்கள வெட்றதுக்கு நானே லெவல் பாத்துக் குடுக்கணுமா? நல்லாத்தான் கீது."

"கவலப்படாதீங்க பாய், கடைசில தோத்துடுவானுங்க."

"அப்போ சரி, ஆரம்பி."

சிலுவைப்போர் காலத்துக் கதை அது. சின்னப் பிரபு வீட்டுப் பையன் ஒருவன் துறவிப் படையில் சேர்கிறான். பெண் கிடையாது, சொந்தமாக எதுவும் கிடையாது, மேலே இருப்பவர் சொன்னதை மறுக்கக் கூடாது. ஆனால் இடுப்பில் வாள் உண்டு. ஜபமும் செய்வார்கள், ஆளையும் வெட்டுவார்கள். கடல் தாண்டிக் கிழக்கே போய் அங்கேயே வயசாகி, ஒரு நாள் அந்தப் படைக்கே தலைவராகிறார். அவர் தலைவராகும் நேரத்தில் காப்பாற்றப் போன நிலமே கையை விட்டுப் போயிருக்கிறது. கடைசிக் கோட்டையும் விழுந்து, மிச்சம் இருந்தவர்கள் ஒரு தீவில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். இன்னொரு படையெடுப்புக்கு ஆதரவு கேட்டு அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்குகிறார். எல்லோரும் விருந்து கொடுக்கிறார்கள், ஆள் கொடுக்கவில்லை.

அவருக்குத்தான் என் குரல், இந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கிழவர் என்றுதான் அவரைச் சொல்ல ஆரம்பித்தேன். பிறகு போப்பாண்டவர் மேற்கே கூப்பிட்டார், போனார். அங்கே ஒரு நாட்டு ராஜா ஒரு நாள் தன் குடும்பத்துச் சாவு ஊர்வலத்தில் அவரை மரியாதையாக நடக்கவைத்தான். மறுநாள் விடியற்காலையில் அவரையும் நாடு முழுக்க இருந்த அவருடைய ஆட்களையும் ஒரே நேரத்தில் பிடித்து உள்ளே போட்டான். கடவுளை மறுத்தோம், சிலுவையில் துப்பினோம் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். சித்திரவதை நடந்த இடத்தின் சத்தம் கேட்கும் தூரத்தில் வைத்துக் கேட்டார்கள். கிழவர் ஒப்புக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை பேருக்குத் தலைவன், சின்னப் பசங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு அடி வாங்குகிறார்கள், இந்த மனுஷன் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்று பாயிடம் திட்டினேன். பாய் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சொன்னார்.

"நீயும் நானும் இன்னா பண்ணிக்கினு கீறோம் நைனா? எவனோ எழுதிக் குடுக்கறான், நீ சொல்ற, நான் புடிக்கிறேன்."

அந்தக் காட்சி எடுத்த வாரம்தான் என் குரல் கட்ட ஆரம்பித்தது. கிழவர் சிறையில் வருஷக்கணக்காகக் கிடக்கிறார், அவர் குரல் தேய வேண்டும். என் குரல் தானாகத் தேய்ந்தது. டப்பிங் டைரக்டர் பையனுக்கு ஒரே குஷி. "சார், இந்தக் கரகரப்பு எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க? அப்படியே வெச்சுக்கோங்க" என்றான். நானும் என் திறமை என்றே நினைத்துக்கொண்டேன். வெந்நீரும் பனங்கற்கண்டும் விழுங்கி, இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தும் அது போகவில்லை. திரையில் அந்த நடிகர் இளைக்க இளைக்க இங்கே என் சட்டை தொளதொளத்தது. ஒரு நாள் ஹெட்ஃபோனில் என் இருமலைக் கேட்டபோது அது எனக்கு முன்னாலேயே அந்த உதட்டிலிருந்து வந்துவிட்டது போல இருந்தது. பாய் ஓடவிட்டுப் பார்த்தார். "உன் இருமல்தான் நைனா" என்றார். ஆனால் அதற்கப்புறம் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அடையாறில் ஒரு டாக்டர் சதை எடுத்துச் சோதித்தார். குரல்வளையில் கட்டி, முழுதாக எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும் என்றார். குரல்? அவர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, அது வரை வாயை அதிகம் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேசுவதற்கு இரண்டு பேர்தான். என் மனைவி தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், நாளெல்லாம் பிறத்தியாரிடம் பேசிக் களைத்து வருவாள். வந்ததும் நான் பேச வேண்டும், அவள் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் குடித்தனம். அன்று திரு.வி.க. பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவள் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்தக் கெழவன் வேலைய விட்டுடுங்க. மிச்சம் இருக்கறத எனக்குன்னு வைங்க. நான் கேட்டுக்கறேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். ஆற்றின் நடுவில் ஒரு மண் திட்டு தெரிந்தது, அதில் கொக்குகள். ஆற்றுக்கு நடுவே இப்படி ஒரு திட்டில் வைத்துத்தான் கிழவரைக் கொளுத்தப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பகுதியை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன்.

விட்டிருக்கலாம். விட முடியவில்லை. காரணம் அந்தக் கடைசிப் பகுதிதான். கிழவரை வெளியே கொண்டுவந்து, மாதா கோயில் வாசலில் மேடை போட்டு, ஊர் ஜனத்துக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். ஆயுள் முழுக்கச் சிறை என்று தீர்ப்புப் படிக்கிறார்கள். தலையைக் குனிந்து கேட்டிருந்தால் உயிர் இருந்திருக்கும். அப்போது அவர் எழுந்து, நான் சொன்னதெல்லாம் பொய், என் ஆட்கள் குற்றமற்றவர்கள், உயிருக்குப் பயந்து பொய் சொன்னதுதான் என் ஒரே குற்றம் என்கிறார். ஒப்புக்கொண்டதை மாற்றிப் பேசியவனுக்கு நெருப்புத்தான் என்று தெரிந்துதான் சொல்கிறார். சாயங்காலமே கொளுத்திவிட்டார்கள். அவரை அவ்வளவு திட்டியவன் நான். அந்த வரியை வேறு எவனாவது வந்து பேசினால் என் மனசு ஆறியிருக்காது.

மனைவியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் டிபன் டப்பாவைக் கட்டும்போது, "சாபம் வுடற எடம் வருதாமே, அத மட்டும் சொல்லாதீங்க. கத்திக்குப் போற நேரத்துல அந்த வார்த்த வாய்ல வரக் கூடாது" என்றாள். நெருப்பில் நின்றபடி கிழவர், தன்னைக் கொன்ற ராஜாவையும் அதற்குத் துணைபோன போப்பாண்டவரையும் ஒரு வருஷத்துக்குள் கடவுள் முன்னால் வந்து நிற்கும்படி கூப்பிட்டதாகக் கதை உண்டு. அந்த வருஷமே இரண்டு பேரும் செத்துப்போனார்கள். கரிநாக்கு என்று நம் ஊரில் சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பெரிய கதை கிடைக்காது.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் உண்டு. சினிமாவில் சாகிற காட்சி நடித்தவரைக் கடைசியில் சிரிக்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள் இல்லையா, அது போல எங்களுக்கு உயிர்ப்பேச்சு. சாவு வசனம் பேசியவர் ஹெட்ஃபோனைக் கழற்றுவதற்கு முன்னால் அதே மைக்கில், சொந்தக் குரலில், வீட்டுக்குச் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை பேச வேண்டும். பால் வாங்கிட்டு வரேன் என்பார் ஒருவர், கதவைத் தெறந்து வை என்பார் இன்னொருவர். பாய் அதைப் பதிவு செய்து, உடனே அழித்துவிடுவார். இயந்திரத்தில் தங்காமல் அந்தக் குரல் ஆளோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. விளையாட்டு போலத்தான் செய்வோம், ஆனால் செய்யாமல் யாரும் படி இறங்கியதில்லை.

கடைசி நாள் மத்தியானம் மேடைக் காட்சியை ஒரே டேக்கில் முடித்தேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. அடுத்து நெருப்பு. கும்பிட வேண்டும், கைக்கட்டைத் தளர்த்துங்கள் என்று கிழவர் கேட்கிறார். முகத்தை மாதா கோயில் பக்கம் திருப்பச் சொல்கிறார். அதெல்லாம் வந்தது. சாபத்துக்கு வந்தேன். கீழே மண்டபத்தில் கெட்டி மேளம் ஆரம்பித்தது. நிறுத்தலாம் என்று பாய் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மூச்சு அடியில் மிச்சம் இருந்தது, அதை இழுத்து, ராஜாவைக் கூப்பிட்டேன், போப்பைக் கூப்பிட்டேன்.

அத்தோடு அடைத்தது. இருமல் வந்தது, வாயில் கைவைத்தால் உள்ளங்கையெல்லாம் ரத்தம். பாய் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து என்னைத் தாங்கிக் கீழே கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினார். கோடம்பாக்கம் பாலம் ஏறும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உயிர்ப்பேச்சு பேசவில்லை. பாயின் கையைப் பிடித்து, என் வாயைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்டோவிலேயே சொல்லிப் பார்த்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது.

"வுடு நைனா, ஊட்டுக்குத்தானே போறோம். போய்ப் பேசிக்கலாம்" என்றார். ஆனால் திரும்பி ஸ்டூடியோ இருந்த திசையைப் பார்த்தார்.

வீட்டில் போய்ப் பேசிக்கொள்ள முடியவில்லை. அறுவையை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். என் மனைவி கேட்டுவைத்திருந்த மிச்சத்தில் அவளுக்கு ஒரு சொல் கூடப் போகவில்லை. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஊமை வாழ்க்கைக்குப் பழகினேன். மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் போய்விட்டது. தாளிக்கிற வாசனை தெரியாமல் சாப்பிட உட்கார்வது தண்டனைதான். கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு கருவி கொடுத்தார்கள். அதை வைத்து மனைவியின் பெயரைச் சொன்னேன். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம். அவள் முதலில் சிரித்தாள், பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் வரவில்லை. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டேன்.

தொடர் வெளியானது. அவளுடைய வார விடுமுறை அன்று, சாப்பிட்டுவிட்டு அவள் போனில் இரண்டு பேரும் பார்த்தோம். என் குரல் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து நடு ஹாலில் வந்து நின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான், அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவரை. மேடைக் காட்சி வந்தது, நெருப்பு வந்தது, சாபம் வந்தது. இதோடு முடிந்தது என்று நான் நினைத்தபோது, கிழவர் புகைக்குள் முகத்தைத் திருப்பி, தன்னோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இன்னொரு வயசானவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"பயப்படாதே. நான் இங்கேதான் இருக்கிறேன்."

என் குரல். என் இழுப்பு, என் மூச்சு, 'இங்கே'யில் நான் எப்போதும் கொடுக்கிற அந்தச் சின்ன அழுத்தம். நான் அந்த வரியைப் பேசவில்லை. அதற்கு முன்னால்தான் எனக்கு அடைத்துவிட்டதே. அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் விட அந்தக் கடைசி வரிதாங்க உங்க கொரல் மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அடுத்த நாள் சாயங்காலம் பாய் வந்தார். நான் சிலேட்டில் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். மிச்சம் இருந்த வரிக்காகக் கம்பெனி ஒரு மென்பொருள் அனுப்பியதாம். என்னுடைய பழைய பதிவுகளையெல்லாம் அதற்குள் போட்டால் எதை எழுதிக் கொடுத்தாலும் என் குரலில் பேசுகிறதாம். இன்னொரு தொடருக்கும் அதை வைத்தே பேசவைக்க என் சம்மதம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். "தெரியும். வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். ஆனால் போகவில்லை. போனை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"கோச்சிக்காத நைனா. அன்னிக்கு நீ உயிர்ப்பேச்சு பேசாம பூட்ட. எனக்கு அதுலேர்ந்து மனசே சரியில்ல. அந்த ரூம்புல தனியா உக்கார முடில. அதான் மிசின வெச்சு உனக்கோசரம் பேச வெச்சிட்டேன். ஒரு வாட்டி கேட்டுட்டு அழிச்சுடலாம், முறைப்படி."

அழுத்தினார்.

"கெளம்பிட்டேன்மா. வந்துட்டே இருக்கேன்."

வடபழனியில் வேலை முடித்து ஒவ்வொரு நாளும் நான் போனில் அவளிடம் சொல்கிற வார்த்தை. அதைப் பாய் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அடுக்களையிலிருந்து காபி டம்ளரோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். பாய் அழிக்கப் போனார். அவள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். என் தம்பி கையைக் கூட அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"அழிக்காதீங்க பாய். எனக்கு அனுப்புங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் சிலேட்டை எடுத்தேன். கிழவருக்கு வாயாவது இருந்தது, மேடையில் நின்று அது என் பேச்சு இல்லை என்று சொல்ல முடிந்தது. நான் 'இது நான் இல்ல' என்று எழுதி அவளிடம் நீட்டினேன். அவள் படித்தாள்.

"தெரியும்" என்றாள். போனை வாங்கிக்கொண்டாள்.

அதை ஒளித்தெல்லாம் கேட்கவில்லை. கடைக்குக் கிளம்பும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது, பிறகு பயமாக இருந்தது. ஏனென்றால் என் நினைவில் இருந்த என் குரலே மெதுவாக மங்கி, அந்த மிசின் குரல் அந்த இடத்தில் உட்கார ஆரம்பித்தது. பழைய நாட்களை நினைத்தால் அதில் பேசுவது அதுவாக இருந்தது. எங்கள் கல்யாணத்தில் கூட அதுதான் பேசியது. ஆட்டோவில் போன அன்று வீடு வந்து சேராதது இத்தனை நாள் கழித்து வந்து, எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது என்று தோன்றியது. யாரிடம் போய் இதைச் சொல்வது? சொல்லத்தான் வாய் வேண்டுமே.

போன வாரம் அவள் விடுமுறை நாள். கொத்தமல்லி இல்லை என்றாள், மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. முன்பெல்லாம் மாடிப்படியிலேயே ஏதாவது கத்திக்கொண்டு வருவேன், அவள் உள்ளிருந்து கத்துவாள். இப்போது நான் வருவது யாருக்கும் தெரியாது. இருமினாலும் கழுத்துத் துணிக்குள் புஸ்ஸென்று ஒரு காற்று, அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலைத் தாண்டினேன்.

அடுக்களையில் என் குரல் சொன்னது, "கெளம்பிட்டேன்மா. வந்துட்டே இருக்கேன்."

அவள் அடுப்பைப் பார்த்தபடி, போனைப் பார்க்காமல், வெகு சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

"வாங்க, வாங்க. சாதம் ஆறுது. இன்னைக்கு கடைல ஒரு கூத்து தெரியுமா, வந்ததும் சொல்றேன்."

எத்தனையோ மாதமாக என்னிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. என்னிடம் பேசும்போது சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள், காதும் போய்விட்டது போல. எனக்கு அழுகை வந்தது. அழுகையும் கழுத்துத் துளை வழியாகத்தான் வரும், அது புதுசாகக் கற்றுக்கொண்டது. கொத்தமல்லிக் கட்டைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் அசையாமல் நின்றேன்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். பின்னால் ஆள் நிற்பதைக் கண்டதும் அலறிப் பின்வாங்கினாள், கரண்டி கீழே விழுந்தது.

"யாரு?" என்றாள்.

நான் கையைத் தூக்கி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.